அது விரதம் இல்லை, தேவி

என் செல்லத் தங்கச்சி தேவிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கரணையில் அதே வீடுதான், அதே கொசுதான். நான் இப்போது நாவலூரில் ஓர் அபார்ட்மெண்டில் சமையல் வேலைக்குப் போகிறேன். அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கும் உன் வயசு, பத்தொன்பது. முதல் நாளே அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் தட்டைப் பார்க்க வேண்டாம், சாப்பிடு என்று கெஞ்சவும் வேண்டாம் என்றார். "சாப்பிடவே பயப்படுற வியாதிக்கா அது. ட்ரீட்மெண்ட் போயிட்டிருக்கு." மதியம் அந்தப் பெண் சோற்றைப் பிசைந்து தட்டெல்லாம் பரப்பிவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்தாள். அதே பொய், அதே முகம்.

நம் வீட்டில் அதற்கு என்ன பெயர் வைத்தோம்? விரதம். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்றாய். தாம்பரம் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து தண்ணீர் மட்டும் குடித்தாய். தெருவே உன் பக்தியை மெச்சியது. அம்மா மட்டும் இது விரதமாகத் தெரியவில்லை என்று புலம்பினாள். சாமி விஷயத்தில் வாயை வைக்காதே என்று அவளை அடக்கியது நான்தான்.

நீ மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கையைப் பார்த்தார், அம்மாவின் சேலையைப் பார்த்தார்.

"வீட்ல சாப்பாட்டுக்கு வழி இல்லையாம்மா?"

"சோறு கீது சார். அதுதான் துன்ன மாட்டேங்குது."

அவர் நம்பவில்லை. சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் முட்டை கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றே மாதத்தில் உன் இதயம் நின்றது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நம் நோய் ஆஸ்பத்திரி வரைக்கும் ஏறியது, அங்கேயும் அதற்குப் பசி என்றுதான் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெண் தேறிவருகிறாள். நேற்று அவளே கேட்டு இன்னொரு தோசை வாங்கினாள். நான் சிரித்துக்கொண்டே ஊற்றினேன், வயிறு எரிந்தது. ஒரு பிள்ளை பிழைத்ததற்கு வயிறெரிகிற அளவுக்கு நான் கெட்டுப்போய்விட்டேனா, நீயே சொல்.

அம்மா இன்றும் தன்னைத்தான் நொந்துகொள்கிறாள். முட்டையை முன்னாலேயே கொடுத்திருக்கலாமாம். உண்மையைச் சொன்னால் அந்தப் பழி அவளை விட்டு இறங்கும். ஆனால் இதற்கு வைத்தியம் இருந்தது என்பதும் தெரிந்துவிடும். எது அவளுக்கு அதிகம் வலிக்கும்? அதற்குப் பயந்துதான், அன்று அவளை அடக்கிய பழி என் மேல் வருமே என்றும் பயந்துதான், இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

இனி மறைக்க மாட்டேன், தேவி. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்போகிறேன்: "நீ போட்ட சோத்துல குறை இல்லம்மா. நீ சொன்னத நம்பத்தான் ஆளில்ல. நானே நம்பல."

உன் கூடப்பிறந்த பாவி,
செல்வி அக்கா