குடம் தூக்கும் பெண்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். தையல் மெஷின் இரண்டில் ஒன்று சுகம், இன்னொன்று பெல்ட் அறுந்து கிடக்கிறது. உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோன் மணி அடித்ததும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய பழக்கம் இன்னும் போகவில்லை. நீ சாப்பிட்டாயா இல்லையா என்பது மாடிவீட்டு டீச்சர் வரைக்கும் போய்விடுகிறது. இது நமக்குள் இருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் அரங்கத்து வெள்ளைக்காரப் பாட்டு நாடகம், நீ அனுப்பிய புது ஓபரா டிவிடி, வந்து சேர்ந்தது. இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பிரிக்க வேண்டும் என்பது அப்பா உத்தரவு. அன்றைக்கு வீட்டில் நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டதும் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கால்சட்டை, ஷூ. வீட்டுக்குள் ஷூ எதற்கு என்று கேட்டேன். "அங்க பாரு, அத்தனை பேரும் கோட்டு போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. நாம மட்டும் பனியனோட போய் உட்கார்ந்தா உன் பொண்ணுக்குத்தான் அசிங்கம்" என்றார். தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் இடைவேளை வரை வாசலிலேயே நிற்க வேண்டும். போன வாரம் பல் டாக்டர் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கத்திக்குத்து வாங்கியவன் விழுந்தும் விழாமலும் பாடிக்கொண்டே இருக்கிறான், சுற்றி நிற்கிற ஒருத்தராவது வைத்தியரைக் கூப்பிட வேண்டாமா? பெண்டாட்டி ஒரு முகமூடியைக் கட்டிக்கொண்டு வந்தால் கட்டின புருஷனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளிடமே அவளைப் பற்றிப் புலம்புகிறான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு மடையா" என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து அர்த்தம் சொல்ல டீச்சரை ஒருநாள் கூப்பிட்டோம். அவள் சொல்லச் சொல்ல எல்லாம் ஏதோ சொத்துத் தகராறு மாதிரி ஆகிவிட்டது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, அர்த்தம் வேண்டாம் டீச்சர், எங்களுக்கு அழுகை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அழுகை வருகிறது என்பதுதான் வேடிக்கை. அந்தப் பருத்த அம்மாள் கடைசியில் தனியாக நின்று பாடுகிறாளே, அதைக் கேட்டால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. ஒரு வார்த்தை புரியாமல் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்து, ஒரு கோட்டுக்கு வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க அரைநாள் ஆனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

முதல் டிவிடி வந்தபோது நீ கூட்டத்தோடு நின்று பாடுகிறாய் என்று மட்டும்தான் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொய்முடி, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு. அப்பா டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்று தேடினார். இடுப்பில் குடத்தோடு கிணற்றடியில் ஒருத்தி வருகிறாளே, அவளைக் காட்டி, கழுத்தைச் சாய்க்கிற சாய்ப்பைப் பார், இவள்தான் என்றார். அன்றைக்கு ஃபோனில் உன்னிடமே கேட்டார். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்தோம். பிறகு, ஆமாம்ப்பா என்றாய்.

அன்றிலிருந்து குடம் தூக்கும் பெண்தான் எங்கள் வீட்டுப் பெண். அவள் நிற்கிற இடத்தில் டிவியின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். டிப்போவிலிருந்து அவருடைய பழைய சகாக்கள் வரும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார். டிப்போ ஆட்கள் ஒன்றுகூடும் விழாவில் நீ மேடையேறிப் பாட வேண்டும் என்று சொல்லி மைக்செட்காரரிடம்கூடப் பேசி வைத்திருக்கிறார்கள். விழாப் பேச்சை எடுத்தபோதெல்லாம் உனக்கு லீவு கிடைக்காமல் போனது. இரண்டு தடவை அப்படி ஆயிற்று. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

போன ஞாயிறு பழைய டிவிடியைத்தான் பார்த்தோம். திரை விழுந்ததும் அப்பா எழுந்து நின்று கைதட்டுவார், உடனே அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு வெறும் பேச்சுத்தான், பாட்டு இல்லை என்பார். அன்றைக்கு யாரோ கதவைத் தட்ட, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். டிவி தன்பாட்டுக்கு ஓடியது.

மேடைக்குப் பின்பக்கத்தைக் காட்டினார்கள். அரண்மனைச் சுவரை நாலு பேர் கட்டிலைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு நடைவழியில் குடம் தூக்கும் பெண் வந்தாள். பொய்முடி இல்லை. தலை முழுக்க வைக்கோல் நிறத்தில் குட்டை முடி. டப்பாவிலிருந்து எதையோ எடுத்துத் தின்றுகொண்டே சிரித்தாள். அவள் பாவாடைக் கரைக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண் மண்டியிட்டு, அவள் உடுத்தியிருக்கும்போதே விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. ஊசி இடது கையில். ஊசி குத்தி வைக்கும் மெத்தை வலது மணிக்கட்டில். தைத்து முடித்து, தலையைச் சாய்த்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"நூலைக் கடிக்காதடி, கத்தரி எதுக்கு இருக்கு" என்று நான் அதட்டினேன். அதட்டின பிறகுதான் யாரை அதட்டினேன் என்று எனக்கு உறைத்தது. மடியிலிருந்த கால்சட்டை கீழே விழுந்துவிட்டது. அப்பா திரும்பி வருவதற்குள் எழுந்து போய் டிவியின் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்றேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார்.

அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாடுகிறவர்களேதான் அவரவர் உடுப்பைத் தைத்துக்கொள்வார்களா என்று டீச்சரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். பெரிய அரங்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு என்றாள். அப்படியானால் அந்தக் கறுப்பு உடைப் பெண் யார்? முதலிலிருந்தே தைக்கிறவளா, பாடப் போய்த் தையலுக்கு வந்தவளா? தொண்டைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? தையல் மெஷின் முன்னால் கூன் போட்டு உட்கார மாட்டேன், பாடத்தான் போவேன் என்று சண்டை போட்டுக் கிளம்பிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியாததால் மெஷின்மேல் காட்டினேன். பெல்ட் அறுந்தது அப்படித்தான்.

இதில் இன்னொரு தலைவலி. அடுத்த மாதம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் என்னடாவென்றால், கட்டுப் பிரித்ததும் முதல் காரியமாகக் குடம் தூக்கும் பெண்ணை நல்ல கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று வேண்டிக்கொள்வதா? நீயே சொல்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். அனுப்ப மனம் வரவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை. மீதியை எழுதுகிறேன்.

நேற்று புது டிவிடியைப் போட்டோம். இதில் அவள் குடம் தூக்கவில்லை, விளக்கோடு வருகிற வேலைக்காரி. படியில் இறங்கி வந்து தனியாக நின்று கொஞ்சம் பாடினாள். சுற்றிலும் யாரும் பாடவில்லை, வாத்தியம்கூட அடங்கிவிட்டது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக அவள் வந்ததும் "இதோ என் பொண்ணு" என்று தொடையைத் தட்டுவார். நேற்று தட்டவில்லை. அவள் பாடி முடித்ததும், "நல்லாப் பாடுது. யார் பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும்" என்றார். பிறகு, டீ போடேன் என்றார்.

அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அவருக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகத்தான் இருக்கிறது என்பது எனக்கு ஏன் உறைக்காமல் போனது? இப்போதுதான் தெரிந்துகொண்டாரா, முன்பே தெரியுமா? அந்த மேடைப் பின்பக்கத்தை நான் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டாரா? டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு, டிவி ஓரத்திலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிசின் போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தார்.

இன்று காலை டிப்போவுக்குப் போய்விட்டு வந்தார். மைக்செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எதற்கு என்று கேட்டேன். "பொண்ணு லீவுல வர்றா. லீவுல வர்றவளை வேலை செய்யச் சொல்றது தப்பு" என்றார். எந்த வேலை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீ வருகிறேன் என்று சொல்லவே இல்லையே, சிட்டு. அவராகவே நீ வருவதாக முடிவு செய்துவிட்டார்.

அந்தக் கறுப்பு உடைப் பெண்ணை நீ எப்போதாவது பார்த்தால் ஒன்று சொல். புது டிவிடியில் அந்த வேலைக்காரி படியில் இறங்கும்போது பாவாடை ஒரு இடத்திலும் தட்டவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விளிம்பில் தையல் போட்ட இடமே தெரியவில்லை. எனக்கே அப்படி வராது. இதை முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் தெருவில் போகிறவர்களை நிற்க வைத்து ஒவ்வொருத்தரிடமும் சொல்லியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகட்டும். அந்தப் பாட்டெல்லாம் விளங்கியா கேட்டோம்?

ஆபரேஷனுக்கு முன்பு வந்துவிடு. அப்பாவின் கண்கட்டைப் பிரிக்கும்போது எதிரில் டிவி இருக்கக் கூடாது, நீ இருக்க வேண்டும். யாரும் உன்னைப் பாடச் சொல்ல மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து ஓபரா பார்க்கலாம். அவர் ஷூ போடுவார், நீ சிரிக்கக் கூடாது. அறுந்த பெல்ட்டை மாற்றி, அந்த மெஷினை ஜன்னல் பக்கம் போட்டு வைக்கிறேன். அங்கேதான் இடது கைக்காரர்களுக்கு வெளிச்சம் சரியாக விழும்.

உன் கையும் கண்ணும் குறையில்லாமல் இருக்கட்டும். எங்கே இருந்தாலும், எந்தப் பக்கம் நின்றாலும், நன்றாக இரு.

உன்னைப் பெற்ற
அம்மா

பி.கு: நூலைப் பல்லால் கடிக்காதே.