தக்சிகாவின் படத்துக்கு ஒளிர்ந்த இடம்

மச்சானுக்கு,

களுவாஞ்சிக்குடியில் மழை விட்டுவிட்டது. மகள் சுகம்.

ஒஸ்லோவில் உங்கள் ஆய்வுகூடத்து ஸ்கேனருக்குள் நீங்களே படுத்து, என் படத்தையும் உங்களோடு வேலை செய்யும் தக்சிகாவின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்களாம். என் படத்துக்கு உங்கள் மூளையில் ஓரிடமும் அவளுடைய படத்துக்கு வேறோரிடமும் சிவப்பாக ஒளிர்ந்ததைப் பகிடியாக அனுப்பியிருந்தீர்கள். போனில் கேட்டேன். "சும்மா ஒரு சோதினை புள்ள, நீ ஏன் மனசில எடுக்கிறாய்?" என்றீர்கள்.

எடுத்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பள்ளியில் புள்ளிவிபரம் படிப்பிக்கிறவள் நான். உங்களிடம் தரவைக் கேட்டு வாங்கியது அதனால்தான். மூளையை லட்சம் துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் தற்செயலாகவே ஆயிரக்கணக்கில் ஒளிரும். அப்படித் தற்செயலாக ஒளிர்வதைக் கழிக்கிற திருத்தத்தைப் போட்டேன். தக்சிகாவின் சிவப்பு மறைந்தது. அன்றைக்கு இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் என் படத்துக்கு ஒளிர்ந்த இடத்துக்கும் அதே திருத்தத்தைப் போட்டேன். அதுவும் மறைந்தது.

உங்கள் மனசில் யார் என்று அந்த மெஷினுக்குத் தெரியவில்லை. சித்திரைக்கு வாருங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி