சூடேறினால் பிடிக்காத வண்டி

ஹட்டன்,
7.7.1965

அன்பும் மரியாதையும் உள்ள சோலைமலை அண்ணனுக்கு,

தங்கை நாகலெட்சுமி எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மீனம்மா மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இதை எழுதுவது உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாது.

எங்கள் தோட்டத்துத் துரை வாங்கிவந்த பழைய அமெரிக்க பிக்கப்பைப் பற்றிப் போன முறை எழுதியிருந்தேன். கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. நீங்கள் பதிலில் சொன்னபடியே இவர் என்ஜினை ஓடவிட்டு, கியர்பெட்டி எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துப்போய், கருகிய வாடை அடித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியையும் சரிசெய்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. இப்போது பழையபடி ஏற்றத்தில் என்ஜின் மட்டும் அலறுகிறது, சக்கரத்துக்கு இழுவை வருவதில்லை. பிறகு திடீரென்று கியர் விழும்போது, பின்னால் இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள்.

காலைக் குளிரில் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது. அதுதான் எங்கள் பொல்லாத காலம். துரை விடிந்ததும் தேயிலை ஸ்டோரை ஒரு சுற்று சுற்றிவந்து, "வண்டி நல்லா இருக்கு கந்தப்பா, ஒனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றாராம். சூடேறிய பிறகு பாருங்கள் என்று இவர் சொல்லிமுடிப்பதற்குள் பங்களாவுக்குப் போய்விட்டார்.

போன வாரம் பக்கத்து லயத்து வீட்டு வேலாயிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த வண்டிதான் கிடைத்தது. பின்னால் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மேடு ஏறி வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. இறக்கத்தில் கீழ் கியரில் போட்டும் என்ஜின் வண்டியைப் பிடிக்கவில்லை. பிரேக்கிலிருந்து புகை கிளம்பியது. "பலகைய இறுக்கிப் புடிச்சுக்குங்க!" என்று இவர் கத்தினார். எதிரே வளைவு, அதற்கப்பால் வெறும் மூட்டம். மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதி உரசித்தான் நிறுத்தினார். வேலாயிக்கு அந்த ரோட்டோரத்திலேயே, மழையில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். இவர்தான் இன்னும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார்.

இப்போது துரை, வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து வரச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை புறப்பட வேண்டும். கினிகத்தேனை இறக்கம் வழியாக, இவரே ஓட்டிக்கொண்டு. லாரியில் கட்டி இழுத்துப்போகலாமே என்று கேட்டதற்கு, "பயமா இருந்தா லயத்துக் காம்பராவக் காலி பண்ணிட்டுப் போ" என்று பதில் வந்ததாம். பிரஜாவுரிமையும் இல்லாத நாங்கள் எங்கே போவது?

"குளிரோட குளிரா எறங்கிருவேன் புள்ள, ஒண்ணும் ஆகாது" என்று என்னிடம் சொல்கிறார். கினிகத்தேனை வருவதற்குள் வண்டி சூடேறிவிடும் என்று எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதா?

அண்ணே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதும்போது மதினியின் முகம் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்கமாட்டேன். நீங்கள் அந்த வண்டியில் ஏறவே கூடாது. வெள்ளிக்கிழமையே லீவு சொல்லிவிட்டு வாருங்கள். பொல்பிட்டிய வேலைத்தளத்தில் வண்டி பழுதுபார்ப்பவர் என்று சொல்லி, துரை முன்னால் அதைச் சூடேற்றிக் காட்டுங்கள். அப்படியும் அவர் கேட்காவிட்டால், குடியிருக்கும் காம்பரா போனால் போகட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

உங்கள் பக்கம் பஸ்ஸில் வரும் பழனியாண்டி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத வேண்டாம், நீங்களே வாருங்கள்.

முருகன் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். வெள்ளிக்கிழமை உங்களுக்கும் இவருக்கும் சேர்த்து உலை வைப்பேன். சனிக்கிழமையும் இருவருக்கும் சேர்த்தே வைக்க வேண்டும், அண்ணே.

வழி பார்த்திருக்கும் தங்கை,
நாகலெட்சுமி