உறவுக்கு ஒரு அறை

போஸ்தேரி, ஜூன் 11

அன்பு மகள் கனிஷாய்க்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் எப்போதும் நன்றாக இருப்பதாகவே சொல்கிறாய், அதை நான் முழுசாக நம்புவதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி மழைக்கு அதிகமாகியிருக்கிறது. ஆப்ரிகாட் இன்னும் பச்சைக் காய்தான். ஒரு வாரமாக மழை விடவில்லை, ஏரியில் இறங்க ஆளில்லை, விடுதியின் ஆறு அறையும் காலியாகக் கிடக்கின்றன.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் விடுதியை விற்றுவிட்டேன். அக்டோபரில் சாவி கொடுக்க வேண்டும். பிஷ்கேக்கில் நீ குடியிருந்த இரண்டு அறை வீட்டை விற்று இதை வாங்கியவன் நான், மூன்றே வருஷத்தில் உனக்கு அதைவிடப் பெரிய வீடு என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவனும் நான்தான். ஏழு வருஷமாகிவிட்டது. வாடகை கட்ட முடியாமல் வங்கி வேலையை விட்டுவிட்டு நாடு விட்டுப் போய் யெகாதெரின்பர்க்கில் தையல் கூடத்தில் துணி வெட்டிக்கொண்டிருக்கிறாய். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது அம்மா.

வாங்குவதற்கு முந்தின வாரம் சமையலறை மேஜையில் நாம் இருவரும் உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? நான் ஆறு அறை, வருஷத்தில் தொண்ணூறு நாள் நிறையும் என்று கணக்குப் போட்டேன். நீ இன்னொரு தாளில் நாற்பது நாள் என்று எழுதி, ஒரு அறை எப்போதும் காலி, ஒரு அறை உறவுக்கு, குளிரில் குழாய் வெடிக்கும் அதற்குத் தனியாக ஒதுக்கு என்று அடுக்கிக்கொண்டே போனாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேங்குல உக்காந்து உக்காந்து உன் மனசே சுருங்கிப்போச்சுடி, சொந்தக்காரங்க வந்து தங்குறத நஷ்டத்துல எழுதுறவ கிர்கிஸ் பொண்ணா?" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "வரக்கூடாதுன்னு எழுதலப்பா, வருவாங்கன்னுதான் எழுதினேன்" என்றாய். அதற்கும் சிரித்தேன்.

வந்தார்கள். முதல் ஆகஸ்டிலேயே உன் அண்ணன் எர்மெக்கின் மாமனார் வீட்டார் பதினொரு பேர், மூன்று அறை, பத்து நாள். அல்மாத்தியிலிருந்து முன்பணம் கட்டி வந்த குடும்பத்தை நானே வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டு, சம்பந்திக்கு ஆடு வெட்டினேன். "நம்ம வீடு மாதிரியே இருக்கு சம்பந்தி" என்று அவர் முதுகில் தட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஆகஸ்டும் அப்படித்தான். ஜூனில் மழை, ஆகஸ்ட் இருபதுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் குழாயும் வெடித்தது. நீ எழுதியதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

இந்த மே மாதம் கொச்கோரிலிருந்து மாமிர்குல் என்று ஒரு வாலிபனும் அவன் பெண்டாட்டியும் விடுதியை விலைக்குக் கேட்டு வந்தார்கள். மந்தையை விற்ற பணம். "அண்ணே, வருஷத்துக்கு எத்தனை நாள் ரூம் நிறையும்?" என்று கேட்டான். தொண்ணூறு என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் உன் இரண்டு அறை வீடு அப்படியே திரும்பி வந்திருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் தன் நோட்டில் ஆறு அறை, தொண்ணூறு நாள் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து உன் தாளை எடுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்தேன். "உறவுக்கு ஒரு ரூமா?" என்று அவள் சிரித்தாள், நான் சிரித்த மாதிரியே. "ஒண்ணு பத்தாதும்மா, ஆகஸ்டுல மூணு வேணும்" என்றேன். டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் போய்விட்டார்கள். "அந்த அரை மணி நேரமாவது உங்க வாய்க்குப் பூட்டு போட்டிருக்கலாம்" என்று அம்மா இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, உன் தாளின்படியே விலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்துக்குப் பிஷ்கேக்கின் ஓரத்தில் ஒரு அறை வீடுதான் கிடைக்கும், அதை உன் பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். பறித்தது இரண்டு அறை, திருப்பித் தருவது ஒன்று. போன ஏழு வருஷத்தைத் தர என்னிடம் ஒன்றுமில்லை. என்னை மன்னித்துவிடு அம்மா. இனி எது வாங்கினாலும் என்னிடம் யோசனை கேட்காதே, யார் எவ்வளவு சிரித்தாலும் உன் கணக்கை அழிக்காதே.

சம்பந்தி இந்த ஆகஸ்டுக்கும் வருவதாகச் சொன்னார். மூன்று அறை கேட்டார், மூன்று வாடகைக்குப் போகிறது, உங்களுக்கு இரண்டுதான் என்றேன். "ஆறாவது ரூம்?" என்றார். அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக. ஏரியைப் பார்த்த ஜன்னல், போர்வையை வெயில் வந்ததும் அம்மா காயப்போடுவாள். ஆகஸ்டில் வந்து இருபது நாள் தங்குவதாக எழுதியிருக்கிறாய். கூடத்தில் விடுப்பு தராமல் போகலாம், ரயில் சீட்டு கிடைக்காமல் போகலாம், அதனால் நான் பத்து நாள் என்றே வைத்துக்கொண்டேன். பதினோராம் நாள் காலையிலும் நீ இந்த வீட்டில் தூங்கி எழுந்தால் அது எனக்குப் போதும்.

பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள், சீட்டு எடுத்ததும் எழுது. இரண்டு கையையும் விரித்து உனக்காக வேண்டிக்கொண்டு முகத்தில் ஒற்றிக்கொள்கிறேன், உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் கை வேலை சிறக்கட்டும்.

உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டிய
அப்பா சகின்பெக்