மார்பளவுக் கோடு

மயிலாப்பூர்
3.7.1996

அன்புள்ள சொர்ணம்,

நலமா? உன் வீட்டுக்காரர் சேட்டுவும் குழந்தை நிஷாவும் சுகம்தானே? எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தில் ஓயாத கூட்டம். நேரில் வர முடியவில்லை. பெயின்ட் டப்பாவோடு இதையும் பியூன் ஷாஹுல் ஹமீதிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஊரில் புகையைக் குறைப்பது பற்றிப் பேச்சு. ஆற்றங்கரையிலிருந்து மந்தைவெளிக்கு நடந்தே வீட்டுவேலைக்கு வருகிறாயே, உன்னைப் போல எல்லாரும் நடந்தால் போதும் என்றேன். சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு காரில் ஏறிப் போனார்கள்.

இனி மழை பழையபடி பெய்யாதாம். ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டும், கடலும் ஏறும் என்கிறார்கள். அதற்குள் உங்கள் கரைக்கு ஒரு தடுப்புச் சுவர் வாங்கிவிட வேண்டும். போன மழையில் தண்ணீர் எதுவரை வந்ததோ, ஒவ்வொரு கதவிலும் அங்கே சிவப்புக் கோடு போட்டு அளவை நோட்டில் எழுது. அங்கே ஒன்பதாவது வரை படித்தவள் நீ ஒருத்திதானே.

உன் தோழி,
ஹம்சா


அடையாற்றங்கரை
11.7.1996

அன்புள்ள ஹம்சாம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். போன தடவை இளைத்துப்போய் வந்தீர்கள்.

அறுபத்திரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டேன். தண்ணீர் வந்தது முழங்கால் வரைக்கும்தான். ஆனால் அங்கே கோடு போட யாரும் விடவில்லை. முன்பொரு வெள்ளத்தில் இடுப்பளவு என்று எழுதிய வீடுகளுக்குத்தான் நிவாரண அரிசி கிடைத்ததாம். பக்கத்து வீட்டு குல்சும் மேல் தாழ்ப்பாளைக் காட்டி, "இங்க போடு, உன் கை இன்னா தேய்ஞ்சா பூடும்?" என்கிறாள். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் சொர்ணம்


மயிலாப்பூர்
14.7.1996

அன்புள்ள சொர்ணம்,

யோசித்துப் பார்த்தேன். முழங்கால் தண்ணீருக்கு எவரும் சுவர் கட்ட மாட்டார்கள். எல்லாக் கதவிலும் மார்பளவு என்றே போட்டுவிடு. நல்ல காரியத்துக்குத்தானே. இது நமக்குள் இருக்கட்டும்.

ஹம்சா


வேளச்சேரிக்கு அப்பால்
9.3.1997

ஹம்சாம்மாவுக்கு,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சுவர் வரவில்லை, லாரி வந்தது. வந்த அதிகாரி கதவுக் கோடுகளைக் காட்டி, மார்பளவு தண்ணீர் வரும் இடத்தில் மனிதன் இருக்கலாமா என்று கேட்டார். அப்படியே எல்லாரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். கொண்டுவந்து இறக்கிய இடம் ஒரு ஏரி. தண்ணீர் வற்றியிருந்ததால் அவர்களுக்குத் தரையாகத் தெரிந்திருக்கிறது.

நடந்து போன வேலைக்கு இப்போது இரண்டு பஸ். சேட்டு கொத்தனார் வேலைக்கு லாரியில் தொற்றிக்கொண்டு போகிறார். எங்கள் பங்குக்கு நாங்களும் புகை விடுகிறோம் என்று உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள்.

குல்சும் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் எல்லாரும் கேட்க, "நீ போட்ட கோடுதான எங்கள இங்க இட்டுனு வந்துச்சி" என்றாள். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. நீங்களே ஒருநாள் வந்து இவர்கள் முன்னால் சொல்லிவிடுங்கள் அம்மா. எனக்கு அது போதும்.

சொர்ணம்


மயிலாப்பூர்
24.11.1997

அன்புள்ள சொர்ணம்,

கோபமாக இருப்பாய். எத்தனையோ முறை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

மழையில் உங்கள் பக்கம் மோசம் என்று கேள்விப்பட்டு மனசே சரியில்லை. அங்கே தரையை உயர்த்தி வடிகால் போட அலுவலகத்தில் பேசியிருக்கிறேன். அளவு இருந்தால் வாதாடலாம். முன்போலக் கதவுகளில் கோடு போட்டு எழுதி அனுப்பு. இந்தத் தடவை உள்ளது உள்ளபடி.

நேரில் வர முடியாது. நான் சொல்லித்தான் நீ அப்படிப் போட்டாய் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். நீ புரிந்துகொள்வாய்.

ஹம்சா


வீட்டு எண் 114
2.12.1997

மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

தண்ணீர் மூன்று நாள் நின்றது. நிஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சேட்டு நின்றார். குல்சும் மாமியாரைக் கட்டிலோடு தூக்கினோம். ஈரத்தில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் அந்தம்மா போய்விட்டார்கள்.

நீங்கள் கேட்டபடி மிச்சமிருந்த பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு முதலில் குல்சும் வீட்டுக்குத்தான் போனேன். அவள் கத்தவில்லை. டப்பாவைப் பார்த்துவிட்டு, "இந்தவாட்டி எதுவரிக்கும் போடப்போற, சொர்ணம்?" என்று கேட்டாள். டப்பாவை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இங்கே உண்மையாகவே மார்பளவு. அங்கே நாம் பொய்யாகப் போட்ட அதே அளவு. இதை நான் எந்தக் கதவிலும் எழுதப் போவதில்லை. எழுதினாலும் நம்ப ஆள் இல்லை. வேண்டுமென்றால் நீங்கள் வந்து நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கும் வரும்.

மார்பளவு என்று போடச் சொன்ன உங்கள் போன வருஷ ஜூலைக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தேன். அதில் தண்ணீர் படவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் காட்டவில்லை. உங்கள் வேலை போகாது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சொர்ணம்