வசந்தாமணியின் காரும் என் மாடுகளும்

வெகுதானிய வருஷம், கார்த்திகை 12, ஞாயிறு

இன்றைக்கும் விடியலில் கார் கிளம்பவில்லை. கொழுந்தனார் சென்னிமலை காருக்கு முன்னால் நின்று கைப்பிடியை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். என்ஜின் பிடித்தது, நாலு தரம் இருமியது, செத்துவிட்டது. மறுபடி முறுக்கல், மறுபடி இருமல். வெயில் ஏறினால் அதே கார் நின்ற இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. குளிர்தான் அதற்கு ஆகவில்லை.

எனக்கு அதில் சந்தோஷம். எழுதுவதற்கு என்ன வெட்கம்? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அப்பா சீராகக் கொடுத்தது ஒரு ஜோடி வெள்ளைக் காளையும் வில்வண்டியும். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனால் ஊரே திரும்பிப் பார்த்த மாடுகள். ஆவணியில் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு ஓரகத்தி வசந்தாமணி எடப்பாடியிலிருந்து வந்தாள். கூடவே அவள் அப்பா சீராகக் கொடுத்த பழைய காரும் வந்தது. அன்றோடு சரி, என் மாடுகளை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கார்த்திகை 17, வெள்ளி

காருக்குப் பூஜை. ஆயுத பூஜையன்று ஆரம்பித்தது, வெள்ளி தவறுவதில்லை. மாமியார் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஆடுகிறது அசைகிறது எதையும் விடாமல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைக்கிறார். ஊர்க்கண் பட்டுவிடுமாம்.

என் மாடுகளுக்கு மாட்டுப் பொங்கலுக்கு ஒரு பொட்டு. அதோடு சரி.

கார்த்திகை 20, திங்கள்

நாத்தனாருக்கு நிச்சயம் பண்ணப் பரமத்தி போகவேண்டிய நாள். விடியலில் நல்ல நேரம். மாமியார் தாம்பூலத் தட்டோடு காரில் ஏறி உட்கார்ந்தார். பிடித்தது, செத்தது. மூன்று தரம். தட்டைக் கையில் எடுத்த பிறகு இப்படித் தடங்கல் வந்தால் யார் போவார்கள்? இறங்கி உள்ளே போய்விட்டார். என் வண்டியைப் பூட்டச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நேரமும் போச்சு, சகுனமும் போச்சு என்றார்.

வசந்தாமணி கார் ஓரமாகவே நின்றாள். அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது.

கார்த்திகை 21

மாமியார் என்னிடம் சொன்னார், அவள் காதில் விழும்படி: "அந்தக் காரும் அவளும் ஒண்ணாத்தான் இந்த ஊட்டுக்குள்ள வந்தாங்க. ராசியில்லாதது. தை பொறக்கட்டும், ரெண்டையும் எடப்பாடிக்கே அனுப்பிச்சுப் போடறேன்."

கொழுந்தனார் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. காருக்கு ராத்திரியில் சாக்குப் போர்த்தினார், காலையில் வெந்நீர் ஊற்றினார். இன்று சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். வந்தது உச்சி வெயிலில். கார் சொன்னபடி கேட்டது. நன்றாகத்தானே இருக்கிறது என்று காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கார்த்திகை 25, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

குளிரில் என்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டவேண்டுமாம். அதற்கு ஒரு கம்பியை இழுத்தால், காற்றுப் போகிற வாயை ஒரு பித்தளைத் தகடு மூடும். கொழுந்தனார் வசந்தாமணிக்குச் சொல்லிக்கொடுத்ததை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றபோது பார்க்கிறேன் — கம்பியை இழுத்தால் தகடு பாதியில் நிற்கிறது. அதன் அச்சு முழுக்கச் சந்தனம். வாராவாரம் அப்பியது, காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. சூடேறிவிட்டால் அந்தத் தகட்டுக்கு வேலையே இல்லை. அதனால்தான் வெயிலில் ஓடுகிறது.

யார் கண்ணிலும் படவில்லையா? பட்டிருக்கும். பூஜையில் வைத்ததைத் துடைக்க இந்த வீட்டில் யாருக்குக் கை வரும்? மெக்கானிக்கும் அந்தப் பக்கம் தொட்டிருக்கமாட்டார்.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மார்கழி 3

இன்னும் சொல்லவில்லை. தூக்கம் நன்றாக வருகிறது. ஏன் வரக்கூடாது?

மார்கழி 11

வசந்தாமணி பெட்டியில் துணி அடுக்குகிறாள். ஒத்தாசை செய்கிற சாக்கில் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அவள் அழவில்லை. சேலையை மடித்தபடியே சொன்னாள்:

"என்னைப் பேசி முடிச்சப்ப, உங்க மாட்டைப் பத்தித்தானுங்கக்கா எல்லாரும் சொன்னாங்க. அந்த ஊட்டு மூத்த மருமக கொண்டாந்த சீரு அப்பேர்ப்பட்டதுன்னு. என்ற புள்ளை அதுக்குக் கொறைஞ்சு போயரக் கூடாதுன்னு அப்பன் பாதித் தோட்டத்தை வித்துப்போட்டு இந்தக் காரை வாங்கினாருங்க. இப்ப எந்த மூஞ்சியோட நான் போயி நிக்கறது?"

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் மாடு எடப்பாடி வரைக்கும் பேர் வாங்கியிருக்கிறதே என்று. அப்புறம் அங்கே உட்காரமுடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அட கடவுளே, பாதித் தோட்டத்தையா வித்தாரு? நான் இவளைப் பார்த்து வெந்துக்கிட்டிருக்கேன், இவள் வாரதுக்கு முன்னாடியே அங்க ஒரு மனுசன் என்னைப் பார்த்து வெந்திருக்கான்.

மார்கழி 12

விடியுமுன் போனேன். ஈரத்துணி, கொண்டை ஊசி, வண்டி அச்சுக்கு விடுகிற விளக்கெண்ணெய். ஊறவைத்துச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். தகடு முழுசாக மூடியது. மேலே தெரிகிற பொட்டுகளைத் தொடவில்லை.

கொழுந்தனார் வந்து ஒரே முறுக்கு. பிடித்தது. இருமவில்லை, சாகவில்லை, நின்று சீராக ஓடியது. வசந்தாமணி வாசலுக்கு ஓடி வந்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் சந்தனம்தான் காரணம் என்றால், பூஜையைப் பழித்தவள் என்ற பேர் எனக்கு வரும். அப்புறம் பெட்டி அடுக்குவது நானாக இருக்கும்.

தை 8, சனி

வியாழக்கிழமை விடியலில் காரில் பரமத்தி போய் நிச்சயம் முடித்து வந்தாயிற்று. காரில் இடம் போதவில்லை, நான் வீட்டில் இருந்துவிட்டேன். சின்ன மருமகளின் ராசி என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டிருக்கிறாள். எல்லாம் நல்ல சேலைகள்.

நேற்று வெள்ளி. காரியம் கைகூடியதற்காகக் காருக்கு இரண்டு பங்கு சந்தனம். போன சனியும் அதற்கு முந்தின சனியும் போலவே, இன்றும் யாரும் எழுந்திருக்குமுன் போய்ச் சுரண்டிவிட்டு வந்தேன். கார் கிளம்பியது. அவள் முன்னால் உட்கார்ந்து போனாள். வயிறு எரிகிறது, எரியாமல் என்ன?

விளக்கெண்ணெய் தீர்ந்துவிட்டது. அடுத்த சனிக்குள் என் வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கி வைக்கவேண்டும்.