மதிலுக்கு அந்தப் பக்கம்

ஆரணி,
திங்கட்கிழமை

அன்புள்ள ஜெசி அப்பாவுக்கு,

மேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் ஜெசியும் சுகம். இந்த விஷயத்தை ஃபோனில் எடுத்தாலே நீங்கள் பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால் எழுதி, இன்று ராத்திரி ரயிலில் அங்கே வரும் உங்கள் தம்பி ஆல்பினிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பூனாவிலிருந்தே மேஸ்திரியிடம் சொல்லி நம் காலி மனையில் எழுப்பிய மதில் ஜம்மென்று நிற்கிறது. பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அந்த மனையில்தான் தறிக்கான பட்டுப் பாவு நூலை முழு நீளத்துக்கு நீட்டிக் கட்டிச் சரிபார்ப்பாள். பழகவிட்டால் பாத்தியதை கேட்பார்கள் என்றீர்கள். அந்த இடம் போனதால் சென்ற மாதம் ரோட்டில் நீட்டினாள். ஒரு பைக் புகுந்து இழையெல்லாம் அறுந்துபோனது. அவளுக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி இனி பாவு தரமாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை தறியைக் கழற்றிக்கொண்டு முள்ளிப்பட்டில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள்.

நேற்று ஞாயிறு ஜெபத்துக்கு அன்பியக் குடும்பங்களெல்லாம் நம் வீட்டில் கூடின. பிறரன்புதான் தலைப்பு. கலசப்பாக்கம் பக்கம் ஏதோ முதியோர் இல்லத்துக்கு அரிசி மூட்டையோடு போய் போட்டோ எடுத்து வருவதென்று முடிவானது. பக்கத்து வீட்டில் ஒரு மாதமாகத் தறிச் சத்தமே இல்லை. யாருக்கும் அது உறைக்கவில்லை. நானும் வாயைத் திறக்காமல் சுண்டல் கொடுத்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மதில் கட்டியவர்களுக்கு வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்தவளும் நான்தானே.

கொரோனாவில் நீங்கள் படுத்தபோது நம் கோயில் பங்கு மக்கள் வாட்ஸப்பில் ஜெபம் அனுப்பினார்கள். பதினான்கு நாள் கஞ்சி கொண்டுவந்தவள் ரேணுகாம்பாள். அதுவும் அந்த மனை வழியாகத்தான் வந்தது.

இன்று காலை போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்க இடம், நீங்க அடைச்சீங்க. அதுக்கு நீ ஏன் அழுதுகினு நிக்கிற மேரி?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்து நேரே முதலாளியிடம் போனேன். பழைய இடம் கிடைத்தால் இன்னும் ஒரு பாவு தந்து பார்க்கிறேன் என்றார். வியாழக்கிழமை மதிலை இடிக்க மேஸ்திரியை வரச்சொல்லியிருக்கிறேன். என் பேச்சை அவர் நம்பமாட்டார், உங்களைக் கேட்பார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

முடியாது என்றால், எனக்காக ஜெபி என்று இனி என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு வராது.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல மனசைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சூசைமேரி